எட்டரை மணியைப் பிரித்துக் கொடுங்கள்: திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

முதலாளிமார்களுக்கு வணக்கம்ங்க.

நான் ஒரு கம்பெனி வேன் டிரைவர். பதினான்கு வருடமாக இதே வேலை. காலை ஏழு மணிக்குக் குன்னத்தூரில் வண்டியை எடுத்து, வழியில் டீக்கடை ஓரத்திலும் புளியமரத்தடியிலும் நிற்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு, பெருமாநல்லூர் வந்து பி.என். ரோட்டைப் பிடித்து, ஊருக்குள் நுழைந்து, ரயில் பாதையையும் நொய்யலையும் தாண்டி, பல்லடம் ரோட்டில் இருக்கிற கம்பெனி கேட்டில் எட்டரைக்குள் எல்லோரையும் இறக்கிவிட வேண்டும். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நான் எழுதுவது ஒரு கம்பெனி மேல் இருக்கிற குறையை இல்லை, எல்லாக் கம்பெனியும் சேர்ந்து, யாரும் வேண்டுமென்று செய்யாமலே செய்துகொண்டிருக்கிற ஒரு காரியத்தைப் பற்றி, அதாவது எல்லோரும் ஒரே எட்டரை மணிக்கு வேலையைத் தொடங்குவதைப் பற்றி.

போன ஆடி மாதம் ஒரு நாள் நடந்தது. தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங்கில் வேலை செய்கிற ஒரு அக்கா, ஐம்பது வயதை ஒட்டி இருக்கும், பெருமாநல்லூருக்கு முன்னால் ஏறுகிறவர். அன்றைக்குக் காலையிலிருந்து தூறல். பல்லடம் ரோட்டில் கம்பெனிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் இருக்கும், வண்டி நின்றது நின்றதுதான். முன்னால் இரண்டு கம்பெனி பஸ், ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ், அதற்கு இடையில் விரல் விடக்கூட இடமில்லாமல் பைக். மணி எட்டு இருபத்தொன்று. அந்த அக்கா எழுந்து வந்து, "கதவைத் தொற சாமி, நான் நடந்தே போயிக்கிறேன்" என்றார். "மழை வருதுங்கக்கா, சித்தே இருங்க" என்றேன். "மழையில நனைஞ்சா காஞ்சிரும் கண்ணு, அரை மணி நேரக் கூலி போனா வருமா?" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையை முந்தானைக்குள் இடுக்கிக்கொண்டு, பைக்குகளுக்கு நடுவே இறங்கி நடந்தார். அவரைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் இறங்கினார்கள். நான் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது 8:41. அந்த அக்கா ஈரச் சேலையோடு கேட்டுக்கு உள்ளேதான் நின்றுகொண்டிருந்தார், ஆனால் விரல் வைக்கிற மிஷினில் 8:36 என்று விழுந்துவிட்டது. அரை மணி நேரம் கட். வாட்ச்மேன் மேல் தப்பில்லை, சூப்பர்வைசர் மேலும் தப்பில்லை, அவர்கள் கையில் இருப்பது அந்த மிஷின் சொல்கிற நேரம்தான்.

அன்றைக்கு இரவு வீட்டுக்குப் போய் யோசித்தேன். இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வருகிற என் வண்டி, ஒருத்தர் ஏறி வருகிற காருக்கும் பைக்குக்கும் நடுவே அதே வரிசையில்தான் நிற்கிறது. புது பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனி வரைக்கும் இருக்கிற தூரத்தைக் கடக்க வார நாளில் முக்கால் மணி நேரம். அதே தூரம், அதே வண்டி, அதே டிரைவர், ஞாயிற்றுக்கிழமை அரை ஷிப்டுக்குப் போகும்போது இருபது நிமிடம்கூட ஆவதில்லை. வார நாளிலேயே காலை பத்தரைக்கு டீசல் போட அந்தப் பக்கம் வந்தால் ரோடு சும்மா கிடக்கும். அப்படியானால் ரோட்டில் இடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ரோட்டில் இடம் இருக்கிறது. எட்டு மணியிலிருந்து எட்டரை மணி வரைக்கும்தான் இல்லை. அந்த அரை மணி நேரத்தை நெருக்கியடித்து வைத்திருப்பது மாநகராட்சியும் இல்லை, நெடுஞ்சாலைத் துறையும் இல்லை, டிராபிக் போலீசும் இல்லை. உங்கள் கம்பெனிச் சங்கு. ஊரில் பெரிய கம்பெனி, சின்னக் கம்பெனி, நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள் என்று எங்கே பார்த்தாலும் எட்டரை. எல்லோரும் ஒரே நிமிடத்தில் உள்ளே இருக்க வேண்டும் என்றால் எல்லோரும் ஒரே நிமிடத்தில் ரோட்டில்தான் இருப்பார்கள்.

இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, உங்கள் தையல் லைனில் தினமும் பார்க்கிறதுதான். ஓவர்லாக் டெய்லர் வேகமாகத் தைத்துக் கட்டுக் கட்டாகத் தள்ளுகிறார், அடுத்த பேட்லாக் மிஷினில் ஒரே ஆள், பீஸ் மலையாகக் குவிகிறது. உடனே நீங்கள் புது பில்டிங் கட்டுவதில்லை. லைன் சூப்பர்வைசர் வந்து பார்த்து, பீஸ் எவ்வளவு, எந்த நேரத்துக்கு அந்த மிஷினுக்கு வர வேண்டும் என்று சரிபண்ணுவார். லைன் பேலன்சிங் என்று சொல்லி இதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறீர்கள். ரோடும் ஒரு லைன்தானுங்க. அதற்குத்தான் சூப்பர்வைசர் இல்லை.

ரோட்டுக்கு ஒரு குணம் உண்டு, டிரைவர்கள் எல்லோருக்கும் தெரியும். நிறைகிற வரைக்கும் நன்றாக ஓடும். நிறைந்த பிறகு இன்னும் நாலு வண்டி வந்தால் நாலு வண்டி அளவுக்கு மட்டும் தாமதம் ஆகாது, மொத்தமும் நின்றுவிடும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் நல்ல சேதியும் அதுவே. பாதி வண்டியைக் குறைக்க வேண்டியதில்லை, நூற்றுக்குப் பத்துப் பதினைந்து வண்டி அந்த நேரத்தில் வராமல் வேறு நேரத்தில் வந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக ஓட ஆரம்பிக்கும். நம்ப முடியவில்லை என்றால் மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்கூல் லீவு விட்டதும் மஞ்சள் பஸ்சும், பிள்ளையை இறக்கிவிட வருகிற பைக்கும் மட்டும்தான் ரோட்டில் குறைகிறது. கம்பெனி ஒன்றுகூடக் குறைவதில்லை. ஆனாலும் நான் எட்டு பத்துக்கே கேட்டில் நிற்பேன், ஆட்கள் இறங்கி நிதானமாக டீ குடித்துவிட்டு உள்ளே போவார்கள்.

பாலம் கட்டினால் சரியாகிவிடும் என்று சொல்வார்கள். பாலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோவையில் அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் எச்சாக, 1,791 கோடி செலவில் மேம்பாலம் கட்டி, ஜி.டி. நாயுடு பெயர் வைத்து, 2025 அக்டோபரில் திறந்தார்கள். பாலத்தின் மேல் வண்டி நன்றாக ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேலே ஏறினவர் எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும், இறங்குகிற இடத்தில் அதே பழைய ரோடுதானே இருக்கிறது. அதோடு ரோடு அகலமானதும் இத்தனை நாளும் பஸ்சில் வந்தவர், "இப்பதான் ரோடு நல்லா இருக்குதே" என்று பைக்கை எடுப்பார், பைக்கில் வந்தவர் காரை எடுப்பார். ரோட்டை அகலப்படுத்தி நெரிசலைத் தீர்த்த ஊர் என்று உலகத்தில் ஒன்றைக் காட்டுவது கஷ்டம். திருப்பூருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு, ஊரை ரயில் பாதை ஒரு தடவை பிளக்கிறது, நொய்யல் இன்னொரு தடவை பிளக்கிறது. வடக்கே இருக்கிறவர் தெற்கே வேலைக்கு வரவும் தெற்கே இருக்கிறவர் வடக்கே போகவும் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வழி. அந்த வாய்க்குள்தான் எல்லோரும் எட்டே காலுக்கு நுழைகிறோம்.

சரி, நேரத்தைப் பிரித்தால் என்ன ஆகும்? நான் வேன்காரன், வேன் கணக்கே சொல்கிறேன். இன்றைக்கு எல்லாக் கம்பெனிக்கும் எட்டரை என்பதால் என் வண்டி காலையில் ஒரே நடைதான் அடிக்க முடியும். எட்டரைக்கு இறக்கிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் கம்பெனி ஷெட்டில் வெயிலில் கிடக்கும். வேறு ரோட்டில் இருக்கிற ஒரு கம்பெனிக்கு அதே குன்னத்தூர் பக்கத்திலிருந்து ஆள் கூட்டிவர இன்னொரு வேன், அதற்கு இன்னொரு டிரைவர், இன்னொரு டியூ. சில நாள் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வருவோம், என் வண்டியில் எட்டு சீட் காலி, அவர் வண்டியில் பத்து சீட் காலி, ஆனால் ரோட்டில் இரண்டு வண்டி. எங்கள் கம்பெனி எட்டு மணிக்கும் அந்தக் கம்பெனி ஒன்பதே காலுக்கும் தொடங்கினால் ஒரே வேன் இரண்டு நடை அடித்துவிடும், முதல் நடை குன்னத்தூர், இரண்டாவது நடை பெருமாநல்லூரிலிருந்து. ஒரு வண்டியின் டியூ உங்கள் இரண்டு பேருக்கும் மிச்சம்.

அரசு பஸ்சுக்கும் இதே கணக்குதான். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதிலிருந்து பனியன் கம்பெனிக்கு வருகிற எத்தனையோ பெண்களுக்கு அது பெரிய உதவி. கூலியில் பஸ் காசு என்று தனியாக எடுத்து வைக்க வேண்டியதில்லை. ஆனால் காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை படியில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள், ஒன்பதரைக்கு அதே பஸ் காலி சீட்டோடு போகிறது. எச்சா பஸ் விடு என்று போக்குவரத்துக் கழகத்தைக் கேட்டால், ஒரு மணி நேரக் கூட்டத்துக்காக ஒரு பஸ்சையும் டிரைவரையும் கண்டக்டரையும் நாள் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர்களுடைய கஷ்டம். கூட்டத்தை இரண்டு மணி நேரமாக விரித்துக் கொடுங்கள், இருக்கிற பஸ்சே இன்னொரு நடை அடிக்கும், ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும். உட்கார இடம் கிடைத்தால்தான் பைக் வைத்திருக்கிற ஆள் பைக்கை வீட்டில் விடுவார். பஸ்சில் வா, பஸ்சில் வா என்று எவ்வளவு சொன்னாலும் படியில் தொங்கச் சொல்லி யாரையும் கூப்பிட முடியாது.

வெளியூரில் இதெல்லாம் புதிது இல்லை. சிங்கப்பூரில் 1975 ஜூனிலேயே, காலை ஏழரையிலிருந்து நகரத்துக்குள் காரில் நுழைந்தால் ஒரு நாளைக்கு 3 வெள்ளி என்று வைத்தார்கள், ஒரு காரில் நான்கு பேர் சேர்ந்து வந்தால் அந்தக் காசும் கிடையாது. உடனே கூட்டம் அந்த நேரத்துக்கு முன்னாலும் பின்னாலும் நகர்ந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் 2013-இல் செய்தது. நகர மையத்தில் 16 ரயில் நிலையங்களில் காலை 7:45-க்கு முன்னால் இறங்கி வெளியே வந்துவிட்டால் அன்றைக்கு ரயில் இலவசம். தண்டனை இல்லை, பரிசு. நூற்றுக்குச் சுமார் ஏழு பேர் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். ஏழு பேர்தானா என்று கேட்காதீர்கள், நிறைந்த ரோட்டில் ஏழு என்பது பெரிய எண். ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் என்கிற ஊரில் 2006-இல் ஏழு மாதம் சும்மா பரிசோதனையாக, நகருக்குள் நுழைகிற வண்டிக்கு நேரத்துக்கு ஏற்ற கட்டணம் வைத்தார்கள். ஐந்தில் ஒரு பங்கு வண்டி குறைந்தது. பிறகு ஜனங்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி 2007-இல் நிரந்தரமாக வைத்துவிட்டார்கள்.

நமக்குக் கட்டணம் எல்லாம் சரிப்படாது என்பது என் அபிப்பிராயம். திருப்பூரில் ரோட்டை அடைப்பது பைக், பைக்கில் வருகிறவர் கூலிக்காரர், அவரிடம் காசு வாங்குவது நியாயமில்லை. டெல்லியில் 2016-இல் ஒற்றைப்படை, இரட்டைப்படை நம்பர் என்று நாள் பிரித்தார்களே, அதிலும் இரு சக்கர வாகனத்துக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள், அதனால் அதுவும் நமக்கு உதவாது. ஆனால் நம் பக்கத்திலேயே ஒன்று நடக்கிறது. ஊட்டிக்கு வண்டி எடுத்துப் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் ஏப்ரலிலிருந்து சீசனில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று அளவும் வைத்தது. அரசு பஸ்சுக்கும் உள்ளூர் வண்டிக்கும் தடை இல்லை. அந்த மலையை அகலப்படுத்த முடியாது, அதனால் வருகிற கூட்டத்தை நேரம் பார்த்து நாள் பார்த்து வரச் சொல்கிறார்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்களே, அதுவும் இதே யோசனைதான். மலையில் நீதிமன்றம் செய்ய வேண்டியிருந்ததைத் திருப்பூரில் நீங்கள் பத்துப் பேர் ஒரு ரூமில் உட்கார்ந்து பேசினால் செய்துவிடலாம்.

அடுத்து சனிக்கிழமை. இதைப் பற்றி நான் எவ்வளவு எழுதினாலும் போதாது. சனிக்கிழமை பொழுதோட திருப்பூருக்குள் வண்டி ஓட்டுகிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஊர் முழுக்க அன்றைக்குச் சம்பளம். வாரக் கூலி கைக்கு வந்ததும் மளிகைக்கடை, கறிக்கடை, சீட்டுக் கட்ட, பிள்ளைக்குத் துணி எடுக்க, ஊருக்குப் பஸ் ஏற என்று எல்லோரும் ஒரே ராத்திரியில் ரோட்டுக்கு வருகிறார்கள். காதர்பேட்டைக்குச் சரக்கு எடுக்க வெளியூர் வியாபாரிகளும் அன்றைக்குத்தான் வருவார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு முனையிலிருந்து அடுத்த முனைக்கு வண்டியைக் கொண்டுபோக எனக்கு ஐம்பது நிமிடம் ஆன சனிக்கிழமைகள் உண்டு. வண்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள் வீட்டுக்குப் போன் போட்டு, "நீ சோத்தைப் போட்டுத் தின்னுக்க கண்ணு, அம்மா வர நேரமாகும்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டே நிற்பேன். எல்லோரும் சனிக்கிழமையே சம்பளம் போடத்தான் வேண்டுமா என்று, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் கேட்டுக்கொண்டு, யோசித்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு இப்போது பேங்க்கில்தான் ஏறுகிறது. ஒரு பகுதி கம்பெனி புதன்கிழமை போடட்டும், ஒரு பகுதி வெள்ளிக்கிழமை போடட்டும். கடைக்காரருக்கும் ஒரே நாள் வியாபாரம் மூன்று நாள் வியாபாரமாக ஆகும், அவர்கள் நிச்சயம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

தீபாவளி போனசும் அப்படித்தான். எல்லோரும் கடைசி இரண்டு மூன்று நாளில் போனஸ் கொடுத்து ஒரே நாளில் லீவு விட்டால் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் போகிறவர்கள் பஸ் ஸ்டாண்டிலும், வடமாநிலத்துக்குப் போகிறவர்கள் ரயில்வே ஸ்டேஷனிலும் மூட்டையோடும் குழந்தையோடும் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வாரத்துக்கு முன்னாலேயே இந்தப் பகுதி கம்பெனிகள் இன்ன தேதி, அந்தப் பகுதி கம்பெனிகள் இன்ன தேதி என்று சொல்லிவிட்டால் ஸ்பெஷல் பஸ் விடுகிறவர்களுக்கும் கணக்கு தெரியும்.

ஆட்கள் போகட்டும், துணி எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்று பாருங்கள். நூல் மில்லிலிருந்து வருகிறது. நிட்டிங் ஒரு இடம், அங்கிருந்து சாயப்பட்டறை, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங், கட்டிங் ஆன பீஸ் பிரிண்டிங்குக்கு ஒரு மூலை, எம்பிராய்டரிக்கு இன்னொரு மூலை, திரும்பத் தையலுக்கு, சில சமயம் தையலே வெளியே ஜாப் ஒர்க்குக்கு, கடைசியில் செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒரு டீ-சர்ட் கன்டெய்னரில் ஏறித் தூத்துக்குடிக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே திருப்பூரை ஐந்தாறு தடவை சுற்றி வந்துவிடுகிறது. எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுதான் இந்த ஊரின் பலம், அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் நாலு ரோல் துணிக்கு ஒரு டாடா ஏஸ், சரக்கோடு போகிற டிசி சீட்டை மறந்துவிட்டதால் திரும்ப ஒரு நடை, ஒரு பை லேபிள் எடுத்துவர ஒரு பையன் பைக்கில், அதுவும் காலை எட்டே காலுக்கு. ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் அவசரத்துக்கு டெம்போ போகிறது, டெம்போவின் அவசரத்துக்கு எல்லோரும் நிற்கிறோம். பகல் பதினொன்றிலிருந்து நாலு மணிக்குள் சரக்கை நகர்த்துவது என்று ஒரு பழக்கம் வைத்து, ஒரே ரோட்டில் இருக்கிற நாலு கம்பெனிக்கு ஒரு டெம்போ என்று சாயப்பட்டறையோடு பேசிக்கொண்டால் டீசல் மிச்சம், ரோடும் மிச்சம்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குக் கொஞ்சம் தெரியும், டீக்கடையில் கேட்டதுதான். முதல் பயம், நேரத்தை மாற்றினால் டெய்லர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார் என்பது. நியாயமான பயம். ஆள் கிடைக்காமல் கேட்டில் 'டெய்லர் தேவை' போர்டு எழுதி வைத்திருக்கிற காலத்தில் யாரும் தனியாக இதைச் செய்ய முடியாது. அதனால்தான் இதை ஒரு கம்பெனிக்கு எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ரோடு ரோடாகப் பிரித்துக்கொண்டால், பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிக்கு ஒரே நேரமாகவே இருக்கும்.

இரண்டாவது, லேட்டாகத் தொடங்கினால் லேட்டாக முடியுமே, பெண்கள் ராத்திரி எப்படிப் போவார்கள் என்பது. இது நிஜமான கேள்வி, இதற்குப் பதில் இல்லாமல் இந்த யோசனையே கூடாது. கூடுதல் நேரம் சேர்த்து ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற கம்பெனி எட்டு மணிக்கே தொடங்கி, வெள்ளென முடிக்கட்டும். ஒரு ஷிப்ட் மட்டும் ஓடுகிற இடம், ஆபீஸ், சாம்பிளிங், மெர்ச்சண்டைசிங் இவையெல்லாம் ஒன்பது, ஒன்பதே காலுக்குத் தொடங்கட்டும். அதிலும் சின்னப் பிள்ளை வைத்திருக்கிற அம்மாக்களுக்கு ஒன்பதே கால் எவ்வளவு பெரிய வரம் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். என் வண்டியில் வருகிற ஒரு அம்மிணி ஏழு மணிக்கே பிள்ளைக்குச் சீருடை போட்டு, பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டு வருகிறது. ஸ்கூல் பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.

மூன்றாவது, ஷிப்மென்ட் தேதி. கஷ்டம் தெரியும்ங்க. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது எங்கள் கம்பெனியிலும் லைன் குறைந்தது, வேனில் சீட் காலியானது, எனக்கும் தெரியும். இந்த நேரத்தில் போய் இதைச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். வண்டி நிற்கிற நேரமெல்லாம் உங்கள் காசு. முக்கால் மணி நேரம் கிளட்ச்சிலும் பிரேக்கிலும் கால் வைத்து வருகிற வண்டி ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிற மைலேஜை வார நாளில் கொடுப்பதில்லை. அதைவிட, அடித்துப் பிடித்து ஓடிவந்து மிஷினில் உட்காருகிற டெய்லர் முதல் அரை மணி நேரத்தில் தைக்கிற பீஸ் எப்படி இருக்கும் என்று உங்கள் செக்கிங் ரிப்போர்ட்டைப் பாருங்கள்.

இன்னொன்று, உங்களிடம் துணி வாங்குகிற பையர்கள் இப்போது கரியமிலக் கணக்கு கேட்கிறார்கள், ஆபீஸில் அதற்கென்றே ஒரு பெண் பைல் போட்டுக்கொண்டிருக்கிறது. கம்பெனிக்கு வெளியே நம்மால் உண்டாகிற புகைக்கு ஸ்கோப் 3 என்று அவர்கள் சொல்கிற கணக்கில் ஏழாவது வகை என்ன என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். வேலையாட்கள் வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோகிற பயணம். சோலார் போட்டுவிட்டோம், காற்றாலை வைத்துவிட்டோம் என்று காட்டுகிறீர்கள், நல்ல காரியம். இந்த ஏழாவது வரிக்கு ஒரு பேனலும் வாங்க வேண்டியதில்லை.

முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது திருப்பூர் இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். சாயத் தண்ணீர் ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்தம் பண்ணித் திரும்ப எடுப்பது நடக்கிற காரியமா என்று கேட்டார்கள். இன்றைக்கு வெளிநாட்டுக்காரர் வந்தால் முதலில் அதைத்தான் கூட்டிப்போய்க் காட்டுகிறீர்கள். அதற்குக் கோடிக்கணக்கில் போட வேண்டியிருந்தது. இதற்கு சங்குக்கு நேரம் மாற்றிவைத்தால் போதும்.

நான் கேட்பது ஒரே ஒரு மாதம். பொங்கல் லீவு முடிந்து கம்பெனி திறக்கிற நாளிலிருந்து ஒரு மாதம், பல்லடம் ரோடு, தாராபுரம் ரோடு கம்பெனிகள் எட்டு மணி, பி.என். ரோடு, அவினாசி ரோடு பக்கம் எட்டரை, மங்கலம் ரோடு, காங்கயம் ரோடு, ஊத்துக்குளி ரோடு பக்கம் ஒன்பது, எல்லா இடத்திலும் ஆபீஸ் ஆட்களுக்கு ஒன்பதே கால் என்று வைத்துப் பாருங்கள். எந்த ரோட்டுக்கு எந்த நேரம் என்பதை உங்களுக்குச் சரிப்பட்ட மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள், பிரித்தால் போதும். கலெக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போக்குவரத்துக் கழகத்தையும் ஸ்கூல்காரர்களையும் கூப்பிட்டு அவர் பேசுவார். வஞ்சிபாளையம், ஊத்துக்குளி, சோமனூர் ஸ்டேஷன்களில் நிற்கிற ரயிலின் நேரம் எந்த ஷிப்டுக்குப் பொருந்தும் என்றும் அப்போதே பார்த்துவிடலாம். அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமாவது பதினைந்து நிமிட லேட்டுக்குக் கூலி பிடிக்காதீர்கள், அந்தப் பயம் போனாலே பைக்கில் வருகிற பையன்கள் பஸ்சுக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து ஓட்டுவது குறையும். ஒரே ஊரிலிருந்து ஆள் எடுக்கிற கம்பெனிகள் வேனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வேலை போய்விடும் என்று டிரைவர்கள் பயப்படுவோம் என நினைப்பீர்கள். இரண்டு நடை அடித்தால் எனக்கு இரண்டு நடைக்குப் படி கிடைக்கும், அதைப் பேசிக்கொள்ளலாம். ஒரு வண்டி மிச்சமானால் இதுவரைக்கும் வேனே போகாத ஊருக்கு அந்த டிரைவரை அனுப்பலாம், ஆள் இல்லை ஆள் இல்லை என்று சொல்கிறீர்களே, அந்த ஊர்களில் வேலைக்கு வரத் தயாராக இருந்தும் வண்டி இல்லாமல் வீட்டில் இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

முடிவு எடுப்பதற்கு முன்னால் உங்களில் யாராவது ஒருத்தர், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, ஒரு திங்கட்கிழமை காலையில் காரை வீட்டில் விட்டுவிட்டு என் வண்டியில் வாருங்கள். பெருமாநல்லூர் நால்ரோட்டில் 7:25-க்கு நிற்பேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டைக் காலியாக வைத்திருக்கிறேன், அங்கிருந்து பார்த்தால் ரோடு நன்றாகத் தெரியும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த அந்த அக்கா உங்களுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் ஜன்னல் ஓரம்தான் உட்காருவார், கேட்க வேண்டியதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குன்னத்தூர் லைன் வேன் டிரைவர்